அம்பாசிடர் காரின் பின் அச்சுத் தேய்மானம்

அம்பாசிடர் காரின் பின்சக்கரங்களுக்கு ஓட்டம் தரும் பற்சக்கரங்கள், பேரிங்குகள், வாஷர்கள், ஆக்சில் ஷாஃப்டுகள் ஆகியவற்றில் நாள்பட ஏற்படும் தேய்வைக் குறிப்பது. இந்தத் தொகுதி முழுவதையும் பட்டறைகளில் ‘ஹவுசிங்’ என்றே சொல்வார்கள். பின்னாலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் ‘ஹவுசிங் போச்சு’ என்று தீர்ப்பெழுதும் பழக்கமும் உண்டு. பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இந்தக் கார் 1950களின் இறுதியில் வந்தது. உற்பத்தி 2014இல் நின்றது. எஞ்சின் பலமுறை மாறினாலும், இரு சக்கரங்களையும் ஒரே கூட்டில் இணைக்கும் பின் அச்சும் அதைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகளும் கடைசிவரை நீடித்தன.

பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தின் மையத்துக்குச் சற்றுக் கீழே பொருந்தும் ஹைபாய்டு அமைப்பு இது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கலைச் சாதாரண ஆயில் தாங்காது. உயர் அழுத்தத்துக்கான இ.பி. 90 வகை கியர் ஆயிலே தேவை. ஆயில் குறைந்தோ தவறான ஆயிலிலோ ஓடிய ஹவுசிங், வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பல் முகம் உரிந்திருக்கும்.

கிளட்சை விடும்போதோ, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மீண்டும் மிதிக்கும்போதோ கேட்கும் ‘டக்’ என்ற சத்தம்தான் அதிகம் வரும் புகார். அதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பிராப்பெல்லர் ஷாஃப்டின் யூ ஜாயின்ட் கிராஸை. அடுத்து பட்டைகளை அச்சோடு இறுக்கும் யூ போல்ட், பட்டைக் கண்ணின் ரப்பர் புஷ். இவை சரியாக இருந்தால்தான் ஹவுசிங்கின் பக்கம் திரும்ப வேண்டும். அங்கேயும் குற்றவாளி பெரும்பாலும் கிரவுன் பினியன் அல்ல. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள மெல்லிய வாஷர்களும், அந்தப் பற்சக்கரங்கள் சுழலும் குறுக்குப் பின்னும், ஆக்சில் ஷாஃப்டின் முனைப் பற்களும்தான்.

கீழே படுத்துச் சோதிக்கும்போது ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பினியன் நான்கு சுற்றுக்கு மேல் சுற்றும். ஆகவே சக்கரங்கள் தரையில் நிற்க, பினியன் பிளாஞ்சைக் கையால் அசைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சிறு ‘பிளே’ (தளர்வு) நான்கு மடங்குக்கு மேல் பெருகித் தெரியும். பத்துப் பாகங்களின் பிளேவும் அந்த ஓரிடத்தில் கூடித்தான் தெரிகிறது. அதைப் பார்த்து மிரண்டு ஹவுசிங்கை இறக்கக் கூடாது. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலான பிளேவை, டிஃபரன்ஷியலை வெளியே எடுத்து, டயல் கேஜ் வைத்து அளந்துதான் சொல்ல முடியும்.

ஊளைச் சத்தம் வேறு கதை. அதைச் சமமான சாலையில், டாப் கியரில், மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் கேட்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால், அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தால், பல் முகத்தில் தேய்வு. இரண்டு நிலையிலும் உறுமல் தொடர்ந்தால் பினியன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். காரை இடமும் வலமும் மெல்ல வளைக்கும்போது சத்தம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். சாலையின் மேற்பரப்பு மாறியதும் சத்தமும் மாறினால் டயர். ஹவுசிங்கைக் குறை சொல்வதற்கில்லை.

டிரெயின் பிளக்கைக் கழற்றி ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை. வெள்ளிப் பொடி போன்ற மினுமினுப்பு வயதான ஹவுசிங்கில் இயல்பு. விரலில் உறுத்தும் செதில்கள் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. மஞ்சள் மினுக்கம் வெண்கல வாஷரின் தேய்வைக் காட்டும். பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பின் பிரேக் ஒரு பக்கம் பிடிக்காமல் போனால் டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் அது தண்ணீரில் கழுவினால் போகிறதா என்று பார்க்கலாம்: போனால் பிரேக் ஆயில், கந்தக வாடையோடு வழவழப்பாக ஒட்டிக்கொண்டால் கியர் ஆயில். கியர் ஆயில் என்றால் அது ஆக்சில் ஷாஃப்டின் சீல் வழியே கசிந்து வருகிறது. சீலை மாற்றியும் ஒழுகினால் அச்சுக்கூட்டின் மேலுள்ள காற்றுத் துளை சேற்றில் அடைபட்டிருக்கும். சூடாகும் காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியே தள்ளும். ஒரு துண்டுக் கம்பியால் தீரும் இந்தக் கோளாறுக்காகச் சீல்மேல் சீலாக மாற்றியவர்கள் பலர்.

பழுது உறுதியானால் ஆக்சில் ஷாஃப்டுகளை இழுத்துவிட்டு, டிஃபரன்ஷியலை ஒரே தொகுதியாக முன்பக்கம் கழற்றி எடுக்கலாம். அச்சுக்கூட்டை வண்டியிலிருந்து இறக்கத் தேவையில்லை. வாஷர், பேரிங், சீல் மாற்றுவது பட்டறையிலேயே முடியும் வேலை. தேய்ந்த கிரவுன் பினியனை ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து நெருக்கி ‘டைட்’ செய்வது மட்டும் வேண்டாத வேலை. பல வருடம் ஓடிப் பழகிய பல் முகங்கள் புது இடத்தில் பொருந்தாமல் முன்னைவிட அதிகமாக ஊளையிடும்.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று இழைத்து ஜோடியாக வருபவை. பழைய சாமான் கடையில் ஒன்றை மட்டும் மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.