கூலன்ட் கலக்கலாமா? நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள்

வாகனத்தின் கூலன்ட் குறைந்துவிட்டால் நம்மில் பலர் பார்ப்பது நிறத்தை மட்டும்தான். உள்ளே இருப்பது பச்சை என்றால் கடையிலும் பச்சை நிறப் போத்தலைக் கேட்டு வாங்கி ஊற்றுகிறோம். ஆனால் கூலன்டின் நிறம் என்பது கம்பனிகள் சேர்க்கும் வெறும் சாயம். எந்த வகைக்கு எந்த நிறம் என்று எல்லாக் கம்பனிகளையும் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இல்லை. ஒரே நிறத்தில் இரு வேறு வகைகளும், ஒரே வகை இரு வேறு நிறங்களிலும் விற்பனையாகின்றன.

இது நமக்கு இப்போது முக்கியமான விடயம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் ஆரம்பமானது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறின. மூன்று, நான்கு பேர் பாவித்த காரின் ரேடியேட்டருக்குள் யார் எதை ஊற்றினார்கள் என்பது இன்றைய உரிமையாளருக்குத் தெரியாது. பல வருடச் சேமிப்பைக் கொடுத்தோ லீசிங்கிலோ எடுத்த வாகனத்தின் என்ஜின் பழுதானால் அந்தக் குடும்பம் எழும்புவது கடினம்.

கூலன்டில் என்ன இருக்கிறது?

நான் விஞ்ஞான ஆசிரியர் என்பதால் ஓய்வறையில் சக ஆசிரியர்கள் கேட்பார்கள்: "சேர், நம்ம ஊர்ல பனியா கொட்டுது? தண்ணி மட்டும் ஊத்தினா போதாதா?" போதாது. கூலன்டில் மூன்று பொருட்கள் உண்டு: நீர், கிளைக்கோல், அரிப்பைத் தடுக்கும் சேர்மானங்கள். பாதி நீரும் பாதி எதிலீன் கிளைக்கோலும் கலந்தால் கொதிநிலை ஏறத்தாழ 107 பாகை செல்சியஸ் ஆகிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் அது இன்னும் உயர்கிறது. எனவே கிளைக்கோல் குளிர் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல.

மூன்றாவது பொருளான சேர்மானங்களில்தான் வகைகள் பிரிகின்றன. அவை என்ஜினின் அலுமினியம், வார்ப்பிரும்பு போன்ற உலோகங்கள் அரிக்கப்படாமல் காக்கின்றன.

பழைய வகையில் சிலிக்கேட், பொசுபேற்று போன்ற அசேதன உப்புகள் இருக்கும். அவை உலோகத்தின் மேல் வேகமாகப் படை அமைக்கும். வேகமாகவே தீர்ந்தும் போகும். ஏறத்தாழ இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும். அடுத்த வகையில் சேதன அமிலங்கள் இருக்கும். அவை மெதுவாக வேலை செய்யும். ஐந்து வருடம் வரை நிற்கும். மூன்றாவது இரண்டும் கலந்த வகை. ஐரோப்பியக் கம்பனிகள் பல, சேதன அமிலத்தோடு சிலிக்கேட்டைச் சேர்க்கின்றன. ஜப்பானியக் கம்பனிகள் சிலிக்கேட்டைத் தவிர்த்துப் பொசுபேற்றைச் சேர்க்கின்றன. டொயோட்டாவின் இளஞ்சிவப்பு சுப்பர் லோங் லைப் கூலன்டும் ஹொண்டாவின் நீல நிற டைப் 2 கூலன்டும் நிறத்தில் வேறு; ஆனால் இரண்டுமே இந்த ஜப்பானிய வகையைச் சேர்ந்தவை.

கலந்தால் என்ன நடக்கும்?

ஊற்றிய உடனே என்ஜின் பழுதாகிவிடாது. கிளைக்கோலும் கிளைக்கோலும் சண்டை பிடிப்பதில்லை. வண்டி வழமைபோல ஓடும். அதனால்தான் பலர் "ஒண்டும் ஆகல்லயே" என்கிறார்கள். சேதம் மெதுவாக வரும். முதலாவது, சேர்மானங்களின் அளவு குலைந்து பாதுகாப்புக் குறையும். ஐந்து வருடக் கூலன்டில் இரண்டு வருடக் கூலன்டைக் கலந்தால் முழுவதையும் இரண்டு வருடக் கூலன்டாகவே கணக்கெடுக்க வேண்டும். இரண்டாவது, பொருந்தாத வகைகள் சேரும்போது சில சேர்மானங்கள் ஜெலி போலத் திரண்டு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியலாம். வொக்ஸ்வாகன் வாகனங்களில் நீலப்பச்சை நிற ஜி 11, சிவப்பு நிற ஜி 12 ஆகிய இரண்டும் கலந்து மண்ணிறச் சேறானது இதற்குப் பிரபலமான உதாரணம். பின்னர் அந்தக் கம்பனி, இரண்டோடும் கலக்கக்கூடிய ஜி 12 பிளஸ் என்பதைக் கொண்டுவந்தது.

குழாய் அடைபட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் ஹெட் கஸ்கட் போகும். சிலிண்டர் ஹெட் வளையும். பிறகு செலவுக்குக் கணக்கே இல்லை.

நம் கிணற்று நீர்

யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சுண்ணாம்புக்கல் பிரதேசங்களிலும் வரண்ட வலயத்தின் பல இடங்களிலும் நிலத்தடி நீர் வன்னீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு ரேடியேட்டருக்குள்ளும் படியும். ஜப்பானியக் கூலன்டில் உள்ள பொசுபேற்று, நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து அந்தப் படிவை இன்னும் கூட்டும். எனவே கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரையே பாவியுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

1. வாகனக் கைநூலில் உள்ள வகையையே வாங்குங்கள். போத்தலின் முன்பக்க நிறத்தை விட்டுப் பின்பக்க எழுத்தை வாசியுங்கள். "எல்லா வாகனத்துக்கும்" என்ற வாசகம் மட்டும் போதாது.

2. உள்ளே இருப்பது எதுவெனத் தெரியாவிட்டால், சிறு குறைவுக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் சேருங்கள். பிறகு முழுவதையும் மாற்றுங்கள்.

3. மாற்றும்போது ரேடியேட்டரைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. என்ஜின் புளொக்கினுள் பழையது தங்கி நிற்கும். வெளிவரும் நீர் தெளியும்வரை கழுவுமாறு கராஜ் பாஸிடம் சொல்லுங்கள்.

4. செறிந்த கூலன்டா, கலந்து விற்பதா என்று பாருங்கள். செறிந்ததைத் தனியாக ஊற்றக் கூடாது. அது நீரை விடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். கலந்து விற்பதில் மேலும் நீர் சேர்க்கவும் கூடாது.

5. பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் இன்வேர்ட்டருக்குத் தனியான கூலன்ட் தாங்கி உண்டு. அதையும் பாருங்கள்.

6. கூலன்ட் அடிக்கடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். எங்கோ கசிகிறது.

வீதியில் சூடேறி நின்றுவிட்டால் என்ஜின் நன்கு ஆறும்வரை மூடியைத் திறக்கவே வேண்டாம். ஆறிய பின் கிடைக்கும் சுத்தமான நீரை ஊற்றிக் கராஜ் வரை போகலாம். வெறுமையாக ஓட்டுவதை விட அது மேல். ஆனால் அடுத்த நாட்களில் அதை மாற்றிவிடுங்கள்.

எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. மீதிக் கூலன்டைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள்; சிறுபிள்ளைகள் குடித்துவிட்டால் உயிராபத்து. பழையதைக் கானில் ஊற்றுவதும் தவறு; ஆடு, பூனைகள் நக்கிச் சாகும்.

அடுத்த முறை கூலன்ட் மாற்றியதும், வகையின் பெயரையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதி பொனட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். நாளை அந்த வாகனத்தை வாங்குபவருக்கும் அது பயன்படும்.