கம்பளியும் படங்கும்: மாத்தளைத் தோட்ட மக்களின் துணி வரலாறு

ஒரு சமூகத்தின் வரலாற்றை ஆராய்வோர் அதன் நிலம், கூலி, குடித்தொகை ஆகியவற்றை நுணுகி நோக்குவர். அச்சமூகம் உடுத்த துணியை நோக்குவோர் மிகச் சிலரே. ஆயின், எத்துணியைத் தேர்வது, அதனை எவ்வாறு பேணுவது என்பன வெறும் இல்லறச் செய்திகள் அல்ல. அவை தட்பவெப்பம், தொழில், வருவாய் என்பவற்றோடு பிணைந்தவை. மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களின் துணிகளை இந்நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும்.

19ஆம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியைக் கால்நடையாகவே கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். இவ்வகையில் மலைநாட்டின் வாயிலாக விளங்கியது மாத்தளை எனலாம். வறண்ட சமவெளியிலிருந்து வந்த அம்மக்களுக்குப் பழக்கமான துணி பருத்தி. வியர்வையை உறிஞ்சி உடலைக் குளிர்விப்பது அதன் சிறப்பு. ஆனால் வெயிலில் நன்மை தரும் அவ்வியல்பே மலையின் மழையில் தீமையாயிற்று. நனைந்த பருத்தி நீரைச் சுமந்து உடலோடு ஒட்டி, உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். குளிருக்கும் காய்ச்சலுக்கும் பலர் இரையான அக்காலத்தில் மாற்றுத் துணியின்மை சிறு குறையன்று.

இக்குறையை ஈடுசெய்தது கம்பளி. தக்காணப் பகுதியின் ஆட்டு மயிரால் நெய்யப்பட்ட கரடுமுரடான கறுப்புக் கம்பளியே தோட்டங்களில் பெரிதும் வழங்கிற்று. ஆட்டு மயிர் நீரைத் தன்னுள் ஈர்த்த பின்னரும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். அதன் இயற்கை நெய்ப்பசை சிறு தூறலை வழிந்தோடச் செய்யும். பகலில் தலையிலிருந்து முதுகுவரை தொங்கும் கொங்காணியாகவும், இரவில் போர்வையாகவும் ஒரே கம்பளி பயன்பட்டது. ஆயின் அது கொடையாக வழங்கப்பட்டதன்று. தோட்டம் கொடுத்த கம்பளியின் விலை தொழிலாளியின் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. அரிசிக் கடன், வழிச்செலவுக் கடன் என்பவற்றோடு கம்பளிக் கடனும் சேர்ந்தது. கடன்பட்ட தொழிலாளியைத் தோட்டத்திற்குத் தோட்டம் கைமாற்ற உதவிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, குளிர்காக்கும் துணியும் ஒரு தளையாகவே இருந்தது.

கம்பளியைப் பேணுவதும் எளிதன்று. ஆட்டு மயிர் சூட்டையும் காரத்தையும் தாங்காது. ஆகவே உவர்மண்ணிட்டு அவிக்கும் வெள்ளாவி பருத்திக்கு ஏற்றதேயன்றிக் கம்பளிக்கு ஆகாது. சுடுநீரில் இட்டுக் கசக்கினால் அது சுருங்கித் தடித்துவிடும். குளிர்நீரில் அலசி, முறுக்காமல் நீர்வடிய விட்டு உலர்த்துதலே தக்க முறை. வெயில் காணாத மாதங்களில் லயத்து அடுப்படியே உலர்த்துமிடமாயிற்று.

கம்பளியோடு ஒருங்கெண்ணத்தக்கது படங்கு. கொழுந்தெடுக்கும் பெண்கள் தேயிலைச் செடியின் விறைத்த கிளைகளும் காலைப் பனிநீரும் சேலையைப் பாழாக்காதவாறு இடுப்பில் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டினர். அரிசி மூட்டையாகத் தோட்டத்துக்கு வந்த சணல் சாக்கே உடையாக மறுபிறவி எடுத்தது. பிற்காலத்தில் அவ்விடத்தைப் பொலித்தீன் விரிப்புப் பற்றிக்கொண்டது. அது நீரைத் தடுக்கும். ஆயின் வியர்வையையும் வெளியே விடாது.

மாத்தளை மாவட்டத்தில் தேயிலையோடு இறப்பரும் கொக்கோவும் பயிராயின என்பது இங்குக் கருதத்தக்கது. இறப்பர்ப் பால் துணியில் பட்டு உறைந்தால் எத்துவைப்பாலும் நீங்காது. எனவே பால்வெட்டுவோர் நல்ல துணியை ஒதுக்கிவைத்துப் பழையதையே அணிந்தனர். றத்தோட்டை, எல்கடுவைப் பகுதிகளின் உயர்மேடுகளில் குளிர் கம்பளியை வேண்டிற்று. தாழ்ந்த இறப்பர்த் தோட்டங்களில் பருத்தியே போதுமாயிருந்தது. ஒரே மாவட்டத்துக்குள்ளும் உயரமும் பயிரும் உடையை வேறுபடுத்தின.

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பின் பொலியெஸ்டர் போன்ற செயற்கை இழைத் துணிகள் சந்தையில் மலிந்தன. அவற்றைப் பகட்டுக்காகவே மக்கள் விரும்பினர் எனக் கூறுவது பொருந்தாது. விரைவில் உலர்தல், நீண்டநாள் உழைத்தல், தேய்க்காமலே அணியக்கூடியதாதல் ஆகியன, வெயிலும் ஓய்வும் அரிதான இடத்தில் பெரும் நன்மைகளாகும். ஆயின் அடுப்பருகே அவை ஆபத்தானவை. பருத்தி தீப்பற்றி எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டரோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பில் சமைப்போர் பருத்தியை முற்றாகக் கைவிடலாகாது என்பதற்கு இதுவே தக்க காரணமாகும்.

இவ்வரலாற்றில் ஒரு முரண் உண்டு. கம்பளியின் விலையைத் தோட்டக் கணக்கேடு பதிந்தது. சலவைத் தொழிலாளிக்கெனக் கூலியிலிருந்து கழித்த காசையும் அது பதிந்தது. ஆனால், நாள் முழுவதும் கொழுந்தெடுத்துத் திரும்பிய பெண் பீலிக்கரையில் துவைத்ததும், அடுப்படியில் உலர்த்தியதும், கிழிசலைத் தைத்ததும் எந்த ஏட்டிலும் இல்லை. நைந்த சேலை குழந்தைக்கு ஏணையாயிற்று, பின் கூடைக்கயிறு தலையை அறுக்காதிருக்கத் தலைத்துணியாயிற்று, இறுதியில் கரித்துணியாயிற்று. அச்சேலையின் ஆயுளை நீட்டியது அவளது கூலியற்ற உழைப்பே.

கடனைப் பதிந்த ஏடுகளை மட்டும் கொண்டு மலையக வரலாற்றை எழுதினால், கடன்பட்டோராக மட்டுமே அம்மக்கள் தோன்றுவர். கம்பளி கட்டிய தலைமுறையினரின் நினைவுகள் மறையுமுன் அவற்றையும் சான்றாகக் கொள்வோமாயின், குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த அறிவோடு வாழ்ந்தோராக அவர்களைக் காணலாம். அப்பணி வரலாற்று மாணவர்களாகிய நம்மைச் சார்ந்தது.