டூர் லீடர் ஆகணுமா? மைக் பிடிக்கிறது மட்டும் வேலை இல்லை!

மணாலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். விடாத மழை. மண்டி வருவதற்கு முன்பே மண்சரிவு, ரோடு க்ளோஸ். பஸ்ஸில் நாங்கள் 38 பேர், அதில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மறுநாள் காலை டெல்லியிலிருந்து சென்னைக்கு ஃப்ளைட். டூர் கம்பெனி மேனேஜர் முன் சீட்டில்தான் இருந்தார். அரை மணி நேரம் போனில் பேசினார். "சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போயிட்டு வர்றேன்" என்று இறங்கியவர், மூன்று மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டினார்.

அந்த மூன்று மணி நேரமும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டது 22 வயதுப் பெண் ஒருவர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எழுந்து நின்று, "ரோடு எப்போ திறக்கும்னு எனக்குத் தெரியாது. டிரைவர் அண்ணா போய்ப் பார்த்துட்டு வந்தார், ஜேசிபி வந்துடுச்சு. அஞ்சு மணிக்கு மறுபடியும் சொல்றேன். சுகர் மாத்திரை போடுறவங்க மட்டும் இப்போ கை தூக்குங்க" என்றார். கை தூக்கியவர்களுக்கு முதலில் பிஸ்கட் போனது. சரியாக ஐந்து மணிக்கு மறுபடி எழுந்தார். "இன்னும் எதுவும் மாறலை. அடுத்து அஞ்சரைக்குச் சொல்றேன்." அவ்வளவுதான்!

ஃப்ளைட்டை விட்டுவிட்டோம். ஆனாலும் அந்தப் பெண்ணிடம் ஒருவர்கூடச் சண்டை போடவில்லை. திரும்பி வந்த மேனேஜருக்கு நடந்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

ராத்திரி டீக்கடையில் அவரிடம், "இதையெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். "காலேஜ்ல ரோல் பிளே வெச்சாங்க சார். எனக்கு 'பஸ் நடுவழியில நின்னுடுச்சு'ன்னு வந்துச்சு. செமையா சொதப்பினேன். அதனாலதான் ஞாபகம் இருக்கு" என்று சிரித்தார்.

டூரிஸம், டிராவல் துறைக்கான லீடர்ஷிப் டிரெய்னிங் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், நான் அந்தச் சொதப்பலில் இருந்துதான் ஆரம்பிப்பேன்.

மத்த வேலைகளில் 'லீடர்' என்றால் டீம் லீடர். கீழே இருப்பவர்கள் அவருக்கு ரிப்போர்ட் செய்பவர்கள். இங்கே கதையே வேறு. நீங்கள் வழிநடத்தப்போவது காசு கொடுத்து வந்திருக்கும் கஸ்டமரை. அவர் உங்களைவிட வயதில் மூத்தவர், பதவியில் பெரியவர், ரிவ்யூவில் ஒரு ஸ்டார் போட்டு உங்கள் வேலைக்கே வேட்டு வைக்கக்கூடியவர். அவரிடம்தான் "இல்லை, இப்போ போகக் கூடாது" என்று சொல்ல வேண்டும். அதுவும் பெரும்பாலும் மேலதிகாரி பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

15 விநாடிகள்

இதை முதலில் பெரிய அளவில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் யான் கார்ல்சன். 1981-ல் எஸ்.ஏ.எஸ் என்ற ஸ்காண்டிநேவிய விமான நிறுவனத்தின் தலைமைக்கு வந்தவர். அவர் போட்ட கணக்கு சிம்பிள். வருடத்துக்கு 1 கோடி பயணிகள். ஒவ்வொருவரும் சராசரியாக 5 ஊழியர்களைச் சந்திக்கிறார்கள், ஒவ்வொரு சந்திப்பும் சுமார் 15 விநாடி. ஆக, கம்பெனி நல்லதா கெட்டதா என்பது வருடத்துக்கு 5 கோடி முறை, கவுன்டரில் நிற்பவர் கையில் முடிவாகிறது. தலைமை அலுவலகத்தில் இருப்பவருக்கு அதில் வேலையே இல்லை.

அவர் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. ஸ்டாக்ஹோமில் தங்கியிருந்த அமெரிக்கத் தொழிலதிபர், டிக்கெட்டை ஹோட்டல் ரூமிலேயே வைத்துவிட்டு ஏர்போர்ட்டுக்கு வந்துவிட்டார். (பேப்பர் டிக்கெட் காலம்!) கவுன்டர் ஊழியர் மேலே யாரிடமும் கேட்கவில்லை. ஹோட்டலுக்கு போன் போட்டு டிக்கெட்டைத் தேடச் சொல்லி, கம்பெனி காரை அனுப்பி எடுத்துவரச் செய்தார். ஃப்ளைட் கிளம்புவதற்குள் டிக்கெட் வந்துவிட்டது. 'பர்மிஷன் கேட்டுச் சொல்றேன்' என்றிருந்தால் ஃப்ளைட் போயிருக்கும். கார்ல்சன் செய்தது, அந்த பர்மிஷனை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவைத்ததுதான்.

அந்த இரவில் தாஜ் ஹோட்டல்

டிக்கெட் விஷயத்தில் போகக்கூடியது ஒரு ஃப்ளைட். 2008 நவம்பர் 26 அன்று மும்பை தாஜில் போகக்கூடியது உயிர்.

இரண்டாவது மாடி பாங்கெட் ஹாலில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் விருந்து நடந்துகொண்டிருந்தது. பெரிய பெரிய நிர்வாகிகள், அவர்களின் துணைவியர். பரிமாறிக்கொண்டிருந்த சுமார் 35 ஊழியர்களுக்குப் பொறுப்பு மல்லிகா ஜகத். வயது 24. வெளியே கேட்டது கல்யாண வெடிச் சத்தம் இல்லை என்று புரிந்ததும் கதவுகளைப் பூட்டச் சொன்னார், விளக்குகளை அணைத்தார். எல்லோரையும் மேஜைக்கு அடியில் படுக்கச் சொன்னார், செல்போனைத் தொடாதீர்கள் என்றார். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம், தள்ளித் தள்ளி இருங்கள் என்றார். ஒரு குடும்பத்துக்கு மொத்தமாக ஆபத்து வந்துவிடக் கூடாது என்பதற்காக!

இரவு முழுக்க ஊழியர்கள் ஓசைப்படாமல் தண்ணீர் கொடுத்தபடி, 'ஏதாவது வேணுமா' என்று விசாரித்தபடி இருந்தார்கள். காலையில் வெளியே தீ பரவியதும் ஜன்னல் வழியாக வெளியேற முயன்றார்கள். தீயணைப்பு வீரர்கள் பார்த்து ஏணி போட்டார்கள். முதலில் விருந்தினர்கள், பிறகுதான் ஊழியர்கள். அந்த ஹாலில் யாருக்கும் உயிரிழப்பு இல்லை. ஆனால் ஹோட்டல் முழுக்க, விருந்தினர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட தாஜ் ஊழியர்கள் 11 பேர்.

2011 டிசம்பரில் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' இதழ் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. 'இவர்களுக்கு யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது?' என்பதுதான் கேள்வி. துப்பாக்கிச்சூட்டுக்கு என்று எந்தப் பயிற்சியும் கிடையாது. அன்றாட வேலைக்குக் கொடுத்த பயிற்சியில்தான் பதில் இருந்தது. சின்ன ஊர்களில் இருந்து ஆள் எடுப்பது தாஜின் பழக்கம். மார்க்கைவிட, பெரியவர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்ப்பார்கள். மற்ற ஹோட்டல்களில் வழக்கமாக 12 மாதம் பயிற்சி என்றால் இங்கே 18 மாதம். 'நீ கம்பெனியின் தூதர் இல்லை, விருந்தினரின் தூதர்' என்று சொல்லியே வளர்ப்பார்கள். ஒரு விருந்தினர் ஒரு நாளில் 40, 45 முறை ஊழியர்களைச் சந்திக்கிறார், அதில் பெரும்பாலான நேரம் சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்க மாட்டார் என்பதால், அந்தந்த இடத்தில் சொந்தமாக முடிவெடுக்கப் பழக்குவார்கள். காபி ஆறிவிட்டது என்கிற விஷயத்தில் முடிவெடுத்துப் பழகியவர்கள்தான் அந்த இரவிலும் முடிவெடுத்தார்கள்.

எல்லோரும் அப்படி இருக்க வேண்டும், உயிரைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தச் சம்பளத்துக்கும் அது எழுதப்படாத கண்டிஷனாக இருக்கக் கூடாது.

'நோ' சொல்லத் தெரியணும்

இதே துறையில் தலைகீழாகப் போன கதையும் இருக்கிறது. எவரெஸ்ட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப்போகும் தொழிலில் ராப் ஹால் பெரிய பெயர். நியூசிலாந்துக்காரர். ரூல் ஒன்று வைத்திருந்தார்: மதியம் 2 மணிக்குள் உச்சியைத் தொடவில்லையா, எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

1995-ல் டக் ஹேன்சன் என்ற தபால் துறை ஊழியரை உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே வைத்துத் திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் அடுத்த வருடம் மறுபடியும் வந்தார். 1996 மே 10. இந்த முறை ராப் ஹாலால் 'நோ' சொல்ல முடியவில்லை. ஹேன்சன் உச்சியைத் தொட்டபோது மாலை 4 மணி தாண்டியிருந்தது. புயல் வந்தது. இருவருமே இறங்கி வரவில்லை. அந்தப் புயலில் எவரெஸ்ட்டில் மொத்தம் 8 பேர் இறந்தார்கள்.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இதைப் பாடமாக எழுதி வைத்திருக்கிறது. மலையேறாதவர்களுக்கும் அது பாடம்தான். அருவியில் தண்ணீர் கூடும்போது 'இன்னும் ஒரே ஒரு போட்டோ' என்று கேட்பவரிடம், இருட்டிய பிறகும் 'காசு கட்டியிருக்கோம், ஜீப் சஃபாரி போயே ஆகணும்' என்பவரிடம் நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்? கஸ்டமர்மேல் இரக்கம் வரும், அதுதான் சிக்கலே. அதனால் நல்ல பயிற்சியில், திரும்பும் நேரத்தைக் காலையிலேயே எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். 'மூணு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புறோம்' என்று எட்டு மணிக்கே சொல்லிவிட்டால், மூன்று மணிக்கு நீங்கள் வில்லன் இல்லை.

நமக்கும் ஒரு மார்ச் 11 இருக்கிறது. 2018-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, ட்ரெக்கிங் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழகத்தில் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்தபோது, வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்களையும் மலைக் கிராமத்து இளைஞர்களையும் பயிற்சி கொடுத்து நியமித்தது. தீப்பிடிக்கும் பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அந்த 'நோ'வை அரசாங்கமே சொல்லிவிடுவது கைடுக்குப் பெரிய உதவி.

கீழே இருப்பவரும் பேசணும்

லீடர் மட்டும் சரியாக இருந்தால் போதாது. 1989 ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே ஒரு விமானம் விழுந்து 47 பேர் இறந்தார்கள். கெட்டுப்போனது இடது எஞ்சின், பைலட்டுகள் தவறுதலாக அணைத்தது வலது எஞ்சின். 'வலது எஞ்சினில் பிரச்னை' என்று கேப்டன் அறிவித்ததைக் கேட்ட பயணிகள் சிலர், இடது பக்கம் தீப்பொறி வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தகவல் காக்பிட்டுக்குப் போகவே இல்லை. 'அவங்களுக்குத் தெரியாததா?' என்ற நினைப்புதான்.

விமான நிறுவனங்களில் 'க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்' என்ற பயிற்சி இதற்காகத்தான் இருக்கிறது. 583 பேரைப் பலிகொண்ட 1977 டெனரிஃப் விபத்துக்குப் பிறகு, 1979-ல் நாசா கூட்டிய பயிலரங்கில் இருந்து வளர்ந்தது. கேப்டன் தப்பு செய்கிறார் என்று தோன்றினால் எப்படிச் சொல்வது, சொன்னால் கேப்டன் எப்படிக் கேட்டுக்கொள்வது என்று இரண்டு பக்கத்துக்கும் பழக்குகிறார்கள். டூர் பஸ்ஸில் டிரைவர் கண்ணைக் கசக்குவதை முதலில் பார்ப்பது கிளீனர் பையன்தான். அவன் வாயைத் திறக்கும்படி நடந்துகொள்வதும் லீடரின் வேலை.

எங்கே படிக்கலாம்?

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1983-ல் தொடங்கப்பட்ட 'ஐ.ஐ.டி.டி.எம்' இருக்கிறது. தலைமையிடம் குவாலியர். புவனேஸ்வர், நொய்டா, கோவா, நெல்லூரிலும் வளாகங்கள் உண்டு. நெல்லூர் நம்ம சென்னையில் இருந்து ரயிலில் மூன்று மணி நேரம்தான். டூரிஸத்தில் பி.பி.ஏ, எம்.பி.ஏ படிக்கலாம். கைடு ஆக விரும்புபவர்களுக்கு அமைச்சகமே 'இன்க்ரெடிபிள் இந்தியா' பெயரில் ஆன்லைன் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது.

மலைப்பக்கம் போக ஆசையா? டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலயன் மவுன்டனியரிங் இன்ஸ்டிட்யூட், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மவுன்டனியரிங் இன்ஸ்டிட்யூட். ஆரம்பநிலை கோர்ஸ் சுமார் ஒரு மாதம். அதில் நல்ல கிரேடு வாங்கினால் அட்வான்ஸ்டு, அதற்கு மேல் பயிற்றுநர் ஆவதற்கான கோர்ஸ் என்று படிப்படியாகப் போகலாம். ரோப் பிடிக்கப் போன இடத்தில், களைத்துப்போன பத்துப் பேரை எப்படிக் கூட்டிவருவது என்பதையும் கற்றுக்கொண்டு வருவீர்கள்.

இவை போக, ஓட்டல் அறையில் இரண்டு நாள் பவர்பாயின்ட் போட்டு, சான்றிதழ் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பும் 'லீடர்ஷிப் வொர்க்‌ஷாப்'களும் ஏராளம். எல்லாமே வேஸ்ட் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: என்னை எத்தனை முறை நிஜமாக குரூப்பை நடத்த விடுவீர்கள்? நடத்தி முடித்ததும் யார் உட்கார்ந்து என் தப்பைச் சொல்வார்கள்? முதலுதவி உண்டா, அதை பொம்மையின் நெஞ்சில் அழுத்திச் செய்து பார்ப்போமா, வீடியோவா? சொல்லிக்கொடுப்பவர் கடைசியாக எப்போது ஒரு குரூப்போடு வெளியே போனார்? பதில் மழுப்பலாக வந்தால் அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கிக்கொள்ளலாம்.

காசே இல்லாமல் பழகவும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1965-ல் பால் பெட்ஸால்ட் தொடங்கிய 'நோல்ஸ்' என்ற வனப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பயணத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு மாணவர் 'இன்றைய லீடர்'. பாதை, வேகம், எங்கே நிற்பது, யார் பின்தங்குகிறார் எல்லாமே அவர் பொறுப்பு. சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, எது நன்றாகப் போனது, எது சொதப்பியது என்று பேசுவார்கள். மறுநாள் வேறொருவர்.

அடுத்த தடவை ஃப்ரெண்ட்ஸோடு ஏலகிரி போகும்போது இதைச் செய்துபாருங்கள். வழக்கமாக பிளான் போடும் அந்த ஒரு ஆளை விட்டுவிட்டு, எப்போதும் பின் சீட்டில் தூங்கிவரும் நண்பனிடம் பொறுப்பைக் கொடுங்கள். திரும்பும் நேரத்தை அவன் காலையிலேயே அறிவிக்கட்டும். அந்த நேரம் வரும்போது நீங்கள் 'இன்னும் பத்து நிமிஷம்டா' என்று கெஞ்சிப் பாருங்கள். அவன் என்ன செய்கிறான் என்பதை, இறங்கி வந்ததும் டீ குடித்துக்கொண்டே பேசலாம்.