காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

தமிழ் முஸ்லிம்களில் மரக்காயர் எனும் பெயரை மரக்கலத்தோடும், இராவுத்தர் எனும் பெயரைக் குதிரை வீரனைச் சுட்டும் சொல்லோடும் இணைத்துப் பொருள் காண்பது மரபு. அவ்விரண்டும், அதாவது மரக்கலமும் குதிரையும், ஒருங்கே வந்து சேர்ந்த இடம் பாண்டி நாட்டுக் கடற்கரை.

தமிழகத்தின் தட்பவெப்பமும் புல்வெளியும் உயர்சாதிக் குதிரைகளைப் பெருக்குவதற்கு ஏற்றவையல்ல. ஆகவே, கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை சங்க காலத்திலேயே குறிப்பிடுகிறது. இவ்வணிகம் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உச்சம் கண்டது. அரபியர் மஅபர் என்றழைத்த இக்கரைக்குப் பாரசீக வளைகுடாவிலுள்ள கைஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். பிற துறைமுகங்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து 10,000 குதிரைகள். ஒன்றின் விலை 220 பொற்காசுகள். இவ்விவரங்களைத் தருபவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். வழியில் மாண்ட குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை கொடுத்தது என்கிறார் அவர். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சர் நிலைக்கு உயர்ந்தார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன.

இச்செய்திகளை நாம் பெருமிதத்தோடு மேற்கோள் காட்டுகிறோம். அது தவறன்று. எனினும் ஆண்டுதோறும் இத்தனை குதிரைகள் ஏன் தேவைப்பட்டன என்ற வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. விடை எளிது: வந்தவை மடிந்துகொண்டே இருந்தன. பொருந்தாத வெப்பமும், பழக்கமில்லாத தீவனமும், பராமரிக்கத் தெரியாமையும் அவற்றின் உயிரைக் குடித்தன. சோற்றோடு இறைச்சியும் கலந்து குதிரைக்கு ஊட்டியதை 1290களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார். குதிரை வைத்தியர்கள் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்களே தடுத்தனர், குதிரைகள் சாகச் சாக அவர்களுக்கு ஆதாயம் என்றும் அவர் குற்றஞ்சாட்டுகிறார். அயலார் ஒருவரின் கூற்று இது. அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் நம் முன்னோரைக் குறித்தது என்பதற்காகவே அதைப் படிக்காமல் விடுவதும் வரலாற்று நேர்மையாகாது.

இவ்வணிகத்தின் நிழல் தமிழ்ப் புராணத்திலும் விழுந்திருக்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் தந்த பொருளை மாணிக்கவாசகர் திருப்பணியில் செலவிட, சிவபெருமானே குதிரை வணிகராக வருவதாகத் திருவிளையாடற் புராணம் கூறும். வந்த குதிரைகள் அன்றிரவே நரிகளாகிவிடுகின்றன. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய பரிகள் லாயத்தில் நிலைக்காத அனுபவமும் இக்கதைக்குள் கலந்திருக்குமோ என எண்ணத் தோன்றுகிறது. மயிலேறும் முருகனை அருணகிரிநாதர் இராவுத்தன் என்றே விளிக்கிறார். குதிரை வீரன் என்ற சொல் அந்த அளவுக்கு இம்மண்ணில் மதிப்புப் பெற்றிருந்தது.

போர்த்துக்கீசியர் 1510இல் கோவாவையும் 1515இல் ஹோர்முஸையும் வசப்படுத்தியபின் இவ்வணிகத்தின் கடிவாளம் அவர்கள் கைக்கு மாறியது. தாமிரபரணி முகத்துவாரத்தில் மணல் மூடிய பழைய காயல் இன்று சிற்றூர்.

திருக்குர்ஆனின் 100ஆம் அத்தியாயம் விரைந்தோடும் குதிரைகள் மீதான சத்தியத்தோடு தொடங்கி, இறைவனுக்கு நன்றிகெட்ட மனிதனின் பொருளாசையைச் சாடுகிறது. வாயில்லாப் பிராணிகள் விஷயத்தில் இறைவனை அஞ்சும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். பொற்காசுகளின் கணக்கை வஸ்ஸாஃப் எழுதி வைத்தார். மடிந்த குதிரைகளின் கணக்கையும் அதனருகே வைத்துப் படிக்கும்போதுதான் காயலின் வரலாறு நமக்கு முழுமையாகும்.