மணலியில் ஈரானின் பங்கு

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியாக மணலி சுத்திகரிப்பு ஆலையை அடைகிறது. அந்த ஆலையில் ஈரானுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு பங்கு உண்டு என்பதை இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் நம்மில் பலர் அறிந்திலர். மக்களாட்சி நாடு ஒன்று, தன் மக்களை ஒடுக்கும் அரசுகளோடு கைகோக்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் நமக்கு அந்த ஆலையே நினைவுக்கு வருகிறது.

சென்னை சுத்திகரிப்பு நிறுவனம் அமைவதற்கான ஒப்பந்தம் 1965 நவம்பரில் கையெழுத்தாயிற்று. இந்திய அரசுக்கு 74, அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரானியத் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13 விழுக்காடு. காலத்தைக் கவனியுங்கள்: செப்டம்பரில்தான் பாகிஸ்தானுடனான போர் ஓய்ந்திருந்தது, அப்போரில் ஈரான் பாகிஸ்தானின் பக்கம் நின்ற நாடு. அன்று அதை ஆண்ட ஷா மார்க்கத்தின் பெயரால் ஆளவில்லை. ஆயினும் அவருடைய சவாக் உளவுப்படையின் சித்திரவதைகள் உலகறிந்தவை. 1969இல் ஆலை இயங்கத் தொடங்கியது. 1979இல் ஷா வீழ்ந்து மார்க்க அறிஞர்களின் ஆட்சி வந்தது. பங்கு தொடர்ந்தது. 1985இல் விலகியது அமெரிக்க நிறுவனமே!

ஈரானுக்கும் சவூதிக்கும் தீராப் போட்டி. டெல்லியோ இருவரையும் விடவில்லை. 2003 குடியரசு நாளுக்கு ஈரானின் காத்தமி விருந்தினர். 2006இல் சவூதி மன்னர் அப்துல்லாஹ். இடையில், 2005 செப்டம்பரில், அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிராக இந்தியா வாக்களித்தது. 2019 மே மாதத்தில் ஈரானிய எண்ணெய் வாங்குவதையும் நிறுத்தியது. அங்குள்ள சிறைகளை எண்ணியா நிறுத்தினோம்? அமெரிக்கத் தடைக்கு அஞ்சி நிறுத்தினோம். ஆகவே உறவு கொண்டதையும் முறித்ததையும் அறத்தின் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

உறவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஹிஜ்ரி 6இல் நபி (ஸல்) அவர்கள், தம்மை ஊரைவிட்டு விரட்டிய குறைஷியருடனேயே ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை செய்தார்கள். அதன் விலை சிறிதன்று. விலங்கோடு தப்பிவந்த அபூஜந்தல் (ரலி) அவர்கள், உடன்படிக்கைப்படி குறைஷியரிடமே திருப்பி அனுப்பப்பட்டார். நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது அடுத்து நடந்ததை: உமர் (ரலி) அவர்கள் தம் வேதனையை மறைக்கவில்லை, நபியவர்களிடமே நேரில் கேள்வி கேட்டார். உடன்படிக்கை நின்றது, கேள்வி கேட்டவரை எவரும் துரோகி என்று சொல்லவில்லை.

நம் நிலை வேறாக இருக்கிறது. 2018இல் இஸ்தான்புல் சவூதி துணைத் தூதரகத்தில் ஜமால் கஷோகி கொல்லப்பட்டபோது, நம்மில் ஒரு சாரார் ஈரானின் குற்றங்களைப் பட்டியலிட்டனர். 2022இல் ஆடை விதியின் பெயரால் பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி தெஹ்ரானில் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். அப்போது மறுசாரார் சவூதியைச் சுட்டினர். வளைகுடாவில் மகனோ மருமகனோ வேலை செய்யும் வீடுகளில் பேச்சைத் தாழ்த்திக்கொள்வதை நாம் குறை கூறோம், அது பிழைப்பு. எந்த நிர்ப்பந்தமும் இல்லாத நாமும் வாயை மூடியிருந்தோமே, அதைத்தான் சொல்கிறோம். நம் அரசு அந்நாடுகளில் எண்ணெய் வாங்கட்டும், துறைமுகம் கட்டட்டும். அங்கே சிறைப்பட்டவருக்காக இங்கே ஒரு சொல் சொல்ல நமக்கு எந்த ஒப்பந்தமும் தடையாக இல்லை.