பழைய கணினிகளில் கோப்புப் பகிர்வு: எஸ்எம்பி1 நெறிமுறையைக் கைவிடுவது ஏன் எளிதன்று?

விண்டோஸ், லினக்ஸ் கணினிகள் இரண்டும் உள்ள அலுவலகங்களில், கோப்புகளையும் பிரிண்டர்களையும் பகிரப் பெரும்பாலும் பயன்படுவது எஸ்எம்பி என்ற நெறிமுறையாகும். ஐபிஎம் நிறுவனத்தில் 1980-களில் உருவான இதனை மைக்ரோசாஃப்ட் பின்னர் விரிவுபடுத்தியது.

லினக்ஸ் கணினிகளை இந்நெறிமுறையில் பேசவைப்பது சம்பா என்னும் கட்டற்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், இதன் தொடக்க வடிவத்தை 1992-இல் வெளியிட்டார். நெறிமுறைக்கான ஆவணங்கள் ஏதுமின்றி, கணினிகளுக்கிடையே செல்லும் தரவுகளைக் கவனித்தே அதன் இலக்கணத்தை அவர் கண்டறிந்தார். எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது இப்பெயர் கிடைத்தது. நெல் ரகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நெறிமுறையின் முதல் பதிப்பான எஸ்எம்பி1-தான் இன்றைய சிக்கலுக்குக் காரணம். விண்டோஸ் எக்ஸ்பி அறிந்தது அந்தப் பதிப்பை மட்டுமே. 2017 மே 12-இல் பரவத் தொடங்கிய வான்னாகிரை தீநிரல், விண்டோஸின் எஸ்எம்பி1 நிரலில் இருந்த குறைபாட்டைப் பயன்படுத்தியே கணினி விட்டுக் கணினி தாவியது. இதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆனால், 2014-இல் ஆதரவு முடிந்துவிட்ட எக்ஸ்பி-க்கு, தாக்குதலுக்குப் பின்னரே பொதுப் பயன்பாட்டுக்கான திருத்தம் கிடைத்தது. இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பும் அப்போது எச்சரிக்கை விடுத்தது.

2019-இல் வெளியான சம்பா 4.11 பதிப்பில் எஸ்எம்பி1 இயல்பாகவே முடக்கப்பட்டது. இதனால், சர்வரைப் புதுப்பித்த மறுநாள் பழைய கணினிகளில் பகிர்வுக் கோப்புறை திறக்காமல் போவதுண்டு. பலரும் கேபிளையோ கடவுச்சொல்லையோ சந்தேகிக்கின்றனர். சம்பாவின் அமைவுக் கோப்பில் குறைந்தபட்ச நெறிமுறையாக என்டி1 எனக் குறிப்பிட்டால் இணைப்பு மீளும். எனினும், கணக்கு விவரங்கள் உள்ள சர்வரில் அவ்வாறு செய்வது ஆபத்தானது.

அச்சிடுவதற்கு மட்டும் எனில் எஸ்எம்பி1 பெரும்பாலும் தேவையில்லை. வலையமைப்பில் இணையும் பல பிரிண்டர்கள் 9100 என்ற போர்ட் வழியாக நேரடியாகவே அச்சுப்பணியை ஏற்கின்றன. உண்மையில் இடர்ப்படுத்துபவை, ஸ்கேன் செய்த படிகளைப் பகிர்வுக் கோப்புறைக்கு அனுப்பும் பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களே. அவற்றில் மின்னஞ்சலுக்கோ எஃப்டிபி-க்கோ அனுப்பும் வசதி உள்ளதா என முதலில் பார்க்கலாம். இல்லையெனில், அந்த இயந்திரத்தையும் ஸ்கேன் கோப்புகளுக்கென ஒரு தனிக் கணினியையும் இணையத் தொடர்பில்லாத தனி வலைப்பிரிவில் வைக்கலாம். எஸ்எம்பி1 அந்தக் கணினியில் மட்டும் இயங்கினால் போதும்.