தாளம் தந்த இடம்: ஃப்ளீட்வுட் மேக் குழுவின் நீட்சி குறித்து ஒரு வாதம்

ஒரு ராக் குழு அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தால், இசை வரலாற்றை எழுதுவோர் அதற்குக் காரணமாகப் பாடகரையோ முதன்மைக் கிட்டார் கலைஞரையோ காட்டுவது வழக்கம். ரோலிங் ஸ்டோன்ஸ் என்றதும் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் நினைவுக்கு வருவதும் இதனால்தான். 1967இல் லண்டனில் தொடங்கிய ஃப்ளீட்வுட் மேக் இந்த வாய்பாட்டுக்குள் அடங்க மறுக்கிறது. முன்வரிசையில் நின்று பாடியவர்களும் பாடல் எழுதியவர்களும் அநேகமாக அனைவருமே ஒருமுறையாவது குழுவைவிட்டு விலகியவர்கள். விலகாமல் நின்றவர்கள் இருவர்: டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீ. பின்வரிசையில் இருந்த இந்தத் தாள இணை வருவோருக்கெல்லாம் இடம்கொடுத்த விதமே குழுவை நிலைக்கவைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு; அதையும் பார்த்தாக வேண்டும்.

குழுவைத் தொடங்கியவர் பீட்டர் கிரீன். ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் எரிக் கிளாப்டனின் இடத்துக்கு வந்து பெயர் பெற்ற கிட்டார் கலைஞர் அவர். தன் பெயரை விட்டுவிட்டுத் தாளக்காரர்கள் இருவரின் பெயர்களையும் சேர்த்துக் குழுவுக்குச் சூட்டினார். அப்போது மெக்வீ குழுவில் சேர்ந்திருக்கவே இல்லை. மேயால் தந்த நிலையான சம்பளத்தை விட மனமின்றிச் சில வாரங்கள் தயங்கினார். 1968இல் வந்த முதல் ஆல்பத்தில் இசைத்தட்டு நிறுவனம் கிரீனின் பெயரைச் சேர்த்தே அச்சிட்டது. சந்தைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது; கிரீன் அந்த முகமாக இருக்க விரும்பவில்லை. குழுவின் 'ஆல்பட்ராஸ்' இசைத்தட்டு 1969 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே, மனநலம் குலையத் தொடங்கிய நிலையில், அவர் விலகினார்.

அதன்பின் வெளியேற்றங்கள் வரிசைகட்டி வந்தன. 1971 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் குழுவின் கிட்டார் கலைஞர் ஜெரமி ஸ்பென்சர் புத்தகக் கடைக்குப் போவதாகச் சொல்லிப் போனவர், ஒரு மதக்குழுவில் சேர்ந்துவிட்டார். மீதிப் பயணத்தை முடிக்கக் கிரீனையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 1972இல் மற்றொரு கிட்டார் கலைஞர் டானி கிர்வான் நீக்கப்பட்டார். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த பாப் வெல்ச் மட்டும் இடைக்காலத்தை ஓரளவு தாங்கினார். அவருக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன்.

1974 தொடக்கத்தில் நடந்தது இந்த ஆய்வுக்கு முதன்மையான சான்று. குழுவின் பெயர் தனக்கே சொந்தம் என்று உரிமை கோரிய மேலாளர் கிளிஃபோர்ட் டேவிஸ், வேறு கலைஞர்களை அதே பெயரில் அமெரிக்க மேடைகளுக்கு அனுப்பினார். சுவரொட்டியில் பெயர் சரியாக இருந்தும் பார்வையாளர்கள் ஏற்கவில்லை. பயணம் பாதியில் முறிந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தாலும் பெயர் ஃப்ளீட்வுட், மெக்வீ கையிலேயே தங்கியது. குழு லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது; நிர்வாகத்தையும் ஃப்ளீட்வுட்டே கவனித்தார். தாளமும் பெயரும் நிர்வாகமும் ஒரே கையில் சேர்ந்ததால்தான் அடுத்த கட்டத்தில் புதியவர்களை அவரால் தயக்கமின்றி உள்ளே விட முடிந்தது.

அவ்வாண்டின் இறுதியில் ஸ்டுடியோ தேடி சவுண்ட் சிட்டிக்குப் போன ஃப்ளீட்வுட்டுக்கு, அங்கே ஒலி எப்படிப் பதிவாகும் என்று காட்ட ஒரு பாடலைப் போட்டுக் காண்பித்தார் தயாரிப்பாளர் கீத் ஓல்சன். அதில் கிட்டார் வாசித்தவர் லிண்ட்சி பக்கிங்ஹம். சில வாரங்களில் வெல்ச் விலக, அவருக்கு அழைப்பு போனது. தன்னுடன் பாடிவந்த ஸ்டீவி நிக்ஸையும் சேர்த்தால்தான் வருவேன் என்றார். 1977இல் வெளிவந்த 'ரூமர்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆல்பத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் உடைந்த காதல்களிலும் திருமணங்களிலும் நின்றுவிடுகின்றன. காதில் விழும் ஒலிக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை.

அந்த ஆல்பத்தின் 'ட்ரீம்ஸ்' அநேகமாக முழுக்க இரண்டே கார்டுகளில் ஓடுகிறது. மெக்வீயின் பேஸ் இரண்டு சுருதிகளுக்கிடையே போய்வர, டிரம்ஸ் அலங்காரங்களைத் தவிர்க்கிறது. நிக்ஸின் குரலுக்கு அத்தனை இடம் கிடைப்பது இந்த அடக்கத்தால்தான். 'தி செயின்' இன்னும் தெளிவான சான்று. வெவ்வேறு முயற்சிகளில் மிஞ்சிய நாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவான அந்தப் பாடல், ஆல்பத்திலேயே குழுவினர் ஐவர் பெயரிலும் பதிவான ஒரே பாடல். தொடக்கத்தில் கிக் டிரம்மின் அடி ஒன்றே சீராக விழுகிறது. மூன்று நிமிடம் கடந்ததும் எல்லாம் நிற்க, மெக்வீயின் பேஸ் தனியே இறங்கி வருகிறது. பிபிசியின் ஃபார்முலா 1 ஒளிபரப்பு பல ஆண்டுகள் முகப்பிசையாகப் பயன்படுத்தியது இந்தப் பகுதியைத்தான். குழுவின் பெயரே தெரியாதவர்களும் அந்த பேஸ் வரியை முணுமுணுப்பார்கள்.

ஆனால், தாள இணை மட்டுமே போதும் என்றால் 1995இல் வந்த 'டைம்' ஆல்பம் ஏன் தோற்றது? ஃப்ளீட்வுட், மெக்வீ இருவரும் அதில் இருந்தார்கள். பக்கிங்ஹமும் நிக்ஸும் அதற்குள் விலகியிருந்தார்கள். அமெரிக்காவின் முதல் 200 ஆல்பங்களில்கூட அது நுழையவில்லை. பேரைக் காப்பாற்றிவைக்கத் தாளத்தால் முடிந்தது. பாடலை உண்டாக்க முடியவில்லை. இடம்கொடுப்பவர் இருந்தால் போதாது, அந்த இடத்தை நிரப்பும் வலுவுள்ளவர் வந்தாக வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1997இல், பழைய ஐவரும் கூடிப் பதிவுசெய்த 'தி டான்ஸ்' அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

2018இல் பக்கிங்ஹம் நீக்கப்பட்டபோது அவரிடத்துக்குக் கிட்டார் கலைஞர் மைக் கேம்ப்பெல்லும் பாடகர் நீல் ஃபின்னும் வந்தார்கள். மேடைப் பயணம் நிற்கவில்லை. இதுவரை சொன்ன வாதம் அப்படியே நிற்பதாகத் தோன்றும். அதை அசைத்துப் பார்ப்பவர் கிறிஸ்டின் மெக்வீ. 1970இல் பியானோ கலைஞராகச் சேர்ந்த அவர் புளூஸ் காலத்தையும் கலிஃபோர்னியக் காலத்தையும் இணைத்த ஒரே பாடலாசிரியர். தாள இணைக்கும் முன்வரிசைக்கும் நடுவே அமர்ந்து, இரு பக்கத்துக்கும் பொருந்தும் மெட்டுகளைத் தந்தவர். 1998இல் விலகி 2014இல் அவர் திரும்பியபோதுதான் ஐவர் அணி மீண்டும் முழுமையானது. 2022 நவம்பர் 30 அன்று அவர் இறந்தார். பெயருக்குரிய இருவரும் உயிரோடு இருந்தும், அவர் இல்லாமல் குழுவைத் தொடர வழியில்லை என்று நிக்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். கிரீனின் விலகலையும் பக்கிங்ஹமின் இரு வெளியேற்றங்களையும் தாங்கிய குழு இந்த ஓர் இழப்பில் நின்றுவிட்டதால், தாள இணை என்பதை இருவரோடு நிறுத்தாமல் அவரையும் சேர்த்து மூவராகவே எண்ண வேண்டும் என்பேன்.